தண்ணீர் எதைக் குடிக்கும்?

"மாமா, தண்ணி எதைக் குடிக்கும்?"

போன டிசம்பரில் தில்லிக்குப் போயிருந்தபோது அக்கா மகள் கேட்ட கேள்வி இது. அவளுக்குப் பதினொரு வயது. லோதி காலனியில், வளைவு வளைவாக வாசல் வைத்த பழைய அரசாங்கக் குடியிருப்பில் அக்கா வீடு. அங்கிருந்து லோதி ரோட்டைத் தாண்டிப் போனால் லோதி தோட்டம். ஸ்வெட்டரும் குல்லாயுமாக ஒரு காலை இருவரும் நடக்கப் போனோம். குழாயடி ஒன்றில் ஆங்கிலத்தில் 'டிரிங்கிங் வாட்டர்' என்று எழுதியிருந்தது. அதற்கு முன்னால் நின்றுகொண்டுதான் கேட்டாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"மிஸ் சொன்னாங்க. 'ரன்னிங் டாக்'னா ஓடுற நாய். 'ஸ்லீப்பிங் பேபி'னா தூங்குற பாப்பா. பெயருக்கு முன்னால 'இங்' வந்தா அது பிரசண்ட் பார்ட்டிசிபிள். அப்ப 'டிரிங்கிங் வாட்டர்'னா குடிக்கிற தண்ணி. அது எதைக் குடிக்கும்?"

விஷயம் வேறு என்பது வீட்டுக்குப் போனதும் தெரிந்தது. இலக்கண நோட்டில் பத்துத் தொடர்கள் கொடுத்து, பார்ட்டிசிபிள் எதுவோ அதன் கீழே கோடு போடச் சொல்லியிருந்தார்கள். இவள் பத்துக்கும் கோடு போட்டிருந்தாள். 'ஸ்விம்மிங் பூல்', 'வாக்கிங் ஸ்டிக்', 'ரீடிங் கிளாசஸ்' மூன்றுக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி. நீச்சல் குளம் நீந்தாது, கைத்தடி தானாக நடக்காது, மூக்குக் கண்ணாடி புத்தகம் படிக்காது. தப்பு என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஏன் தப்பு என்பதுதான் புரியவில்லை.

மாமா என்றால் சும்மாவா? உடனே பாடம் எடுக்க ஆரம்பித்தேன்.

"ஆங்கிலத்துல 'இங்' ஒண்ணுதான். ஆனா அது செய்யற வேலை நாலு. தமிழ்ல அந்த நாலுக்கும் நாலு தனி உருவம் இருக்கு. 'லாஃபிங் பேபி' சிரிக்கிற குழந்தை, பெயரெச்சம். 'ஹி கேம் லாஃபிங்' சிரிச்சுக்கிட்டே வந்தான், வினையெச்சம். 'ஹி இஸ் லாஃபிங்' சிரிச்சுக்கிட்டிருக்கான், வினைமுற்று. இந்த மூணுலயும் இருக்கிறது பார்ட்டிசிபிள். 'லாஃபிங் இஸ் குட்' சிரிக்கிறது நல்லது, தொழிற்பெயர். இது பார்ட்டிசிபிள் இல்லை, இதுக்குப் பேரு ஜெரண்ட். சந்தேகம் வந்தா தமிழ்ல சொல்லிப் பாரு. 'கிற' வந்தா பார்ட்டிசிபிள். அவ்வளவுதான்."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஆனா மாமா, அம்மா தினமும் சொல்றாளே. 'அது குளிக்கிற தண்ணி, இது குடிக்கிற தண்ணி, கையை விடாதே'ன்னு. தண்ணி குளிக்குமா?"

ஒரே கேள்வியில் என் சூத்திரம் விழுந்தது. அவள் சொன்னதுதான் சரி. தமிழில் 'குடிக்கிற தண்ணீர்' என்றால் தண்ணீர் குடிக்கவில்லை, நாம்தான் குடிக்கிறோம். 'ஓடுகிற நாய்' என்றால் நாயேதான் ஓடுகிறது. இரண்டிலும் 'கிற' இருக்கிறது. அப்படியானால் 'கிற' எதைத்தான் சொல்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை தொல்காப்பியத்தில் இருக்கிறது. அதன் சொல்லதிகாரத்தில் வினையியல் என்று ஒரு பகுதி. பெயரெச்சத்துக்குப் பின்னால் எந்தெந்த மாதிரிப் பெயர் வரலாம் என்று அங்கே தொல்காப்பியர் கணக்கெடுத்து வைத்திருக்கிறார். ஆறு வகை. அவர் கணக்கை நம் வீட்டுச் சொற்களில் போட்டுப் பார்ப்போம். நீ சாப்பிடுகிற கூடம் என்பது இடம். சாப்பிடுகிற இட்லி என்பது பொருள். சாப்பிடுகிற நேரம் காலம். சாப்பிடுகிற கரண்டி கருவி. சாப்பிடுகிற பையன் அந்த வேலையைச் செய்கிறவன், அதாவது வினைமுதல். ஆறாவது, அந்த வேலையே: அவன் ஓடுகிற ஓட்டம் என்கிறோமே, அதுபோல. தமிழ்ப் பெயரெச்சத்துக்கு ஆறு வாசல்.

ஆங்கில பார்ட்டிசிபிளுக்கு ஒரே வாசல்தான், வினைமுதல். 'ஈட்டிங் பாய்' என்றால் சாப்பிடுகிற பையன். 'ஈட்டிங் இட்லி' என்று சொல்லிப் பாருங்கள், இட்லிக்கு வாய் முளைத்து அது சட்னியை நக்குவதுபோல் ஆகிவிடும். நான் சாப்பிடுகிற இட்லி என்பதை 'தி இட்லி ஐ ஆம் ஈட்டிங்' என்று சுற்றிவளைத்துத்தான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் இந்த இடத்தில் தடுக்கி விழுவது புத்திக் குறைவால் அல்ல. ஆறு வாசல் வீட்டில் வளர்ந்தவர்கள் ஒரு வாசல் வீட்டுக்குள் போகும்போது சுவரில் முட்டிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே என் சூத்திரத்தைத் திருத்தினோம். 'கிற' வருகிறதா என்று பார்க்கக் கூடாது. அந்தப் பெயரையே எழுவாயாக்கி ஒரு வாக்கியம் சொல்லிப் பார்க்க வேண்டும். நாய் ஓடுகிறது, சரி. பாப்பா தூங்குகிறது, சரி. தண்ணீர் குடிக்கிறது, சரியில்லை. சரியில்லை என்றால் அது பார்ட்டிசிபிள் அல்ல, ஜெரண்ட். 'டிரிங்கிங் வாட்டர்' என்பது 'குடித்தலுக்கான நீர்'. நீச்சல் குளத்தைப் பாருங்கள். நீந்தும் குளம் என்று சொல்லாமல் 'நீச்சல்' என்ற தொழிற்பெயரைப் போட்டு அந்தச் சொல்லை ஆக்கிய தமிழர் யாரோ, அவருக்கு இது தெரிந்திருக்கிறது.

நாங்கள் நடக்கப் போகும் லோதி ரோட்டில்தான் மௌசம் பவன் இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமை அலுவலகம். 1875-இல் தொடங்கிய துறை. கல்கத்தா, சிம்லா, புனே என்று ஊர் மாறி 1944-இல் தில்லிக்கு வந்தது. தில்லியில் வெப்பம் அளக்கும் நிலையங்களில் ஒன்றின் பெயரே லோதி ரோடுதான். குளிர்காலச் செய்தியில் அது அடிக்கடி அடிபடும். அந்த வழியாக நடக்கும்போது அறிவியல் புத்தகச் சொற்களை வைத்து ஓர் ஆட்டம் ஆடினோம். நான் ஒரு தொடர் சொல்ல வேண்டும், அவள் பார்ட்டிசிபிளா ஜெரண்டா என்று சொல்ல வேண்டும்.

"பாய்லிங் வாட்டர்."

"தண்ணி கொதிக்குது. பார்ட்டிசிபிள்."

"பாய்லிங் பாயிண்ட்."

"பாயிண்ட் கொதிக்காது. ஜெரண்ட்."

"ஃபிரீசிங் பாயிண்ட்."

"ஜெரண்ட்."

"ஃபிரீசிங் ரெயின்."

இங்கே நின்றுவிட்டாள். மழை உறையுமா என்று கேட்டாள். உறையும். குளிர் நாடுகளில் சில நாள், மழைத்துளி உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருந்தும் திரவமாகவே இறங்கும். தரையையோ மரக்கிளையையோ மின்கம்பியையோ தொட்ட மாத்திரத்தில் பனிக்கட்டியாகிவிடும். ஆக, மழை உறைகிறது, பார்ட்டிசிபிள். பாருங்கள், இலக்கணக் கேள்விக்கு விடை சொல்ல இயற்பியல் தெரிய வேண்டியிருக்கிறது. பொருள் தெரியாமல் சொல்லின் வகை சொல்ல முடியாது.

காதுக்கும் ஒரு சோதனை உண்டு. நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்கள் 'ஸ்லீப்பிங் பேபி' என்னும்போது 'பேபி'யில் அழுத்தம் விழும். 'ஸ்லீப்பிங் பேக்' என்னும்போது 'ஸ்லீ'யில் அழுத்தம் விழும். தூங்குகிற குழந்தைக்குப் பின்சொல்லில் அழுத்தம், தூங்குவதற்கான பைக்கு முன்சொல்லில். எல்லாத் தொடருக்கும் நூற்றுக்கு நூறு பொருந்தாது, பெரும்பாலும் பொருந்தும்.

இதைச் சொன்ன மறுநாள் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனோம். மொகஞ்சதாரோவில் 1926-இல் கண்டெடுத்த வெண்கலப் பெண் சிலையைப் பற்றிப் பேச்சு வந்தது. உயரம் 10.5 சென்டிமீட்டர்தான், உங்கள் பென்சில் பெட்டிக்குள் அடங்கிவிடும். பெயர் 'டான்சிங் கேர்ள்'. இடுப்பில் ஒரு கை, கை நிறைய வளையல், தலையைச் சற்றே தூக்கி நிற்கிறாள். நிற்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும், ஆடவில்லை. 'கேர்ள்' என்பதை அழுத்திச் சொன்னால் ஆடிக்கொண்டிருக்கும் பெண். 'டான்' என்பதை அழுத்தினால் ஆடுவதைத் தொழிலாகக் கொண்ட பெண். பெயர் வைத்தவர்கள் இரண்டாவதைத்தான் நினைத்திருக்க வேண்டும். தமிழில் இதை 'நடன மங்கை' என்கிறோம். 'ஆடும் பெண்' என்று எழுதியிருந்தால் சிலை பொய் சொல்வதாகிவிடும். என் கருத்தில், அந்தப் பெண் ஆடினாளா என்பதே சந்தேகம். யாரிடமோ கோபித்துக்கொண்டு நிற்பதுபோல் எனக்குப் படும்.

லோதி ரோட்டின் மேற்குக் கோடியில் சப்தர்ஜங் சமாதி. அதற்கு அருகே சப்தர்ஜங் விமானத் தளம். சிறு விமானம் ஓட்டப் பல பத்தாண்டுகள் பயிற்சி கொடுத்த 'ஃபிளையிங் கிளப்' அங்கே இருந்தது. கிளப் பறக்காது, எனவே அது ஜெரண்ட். இதை அவளே சொல்லிவிட்டாள். நான் அந்த இடத்தை வைத்து வேறொரு புதிர் போட்டேன். மொழியியல் வகுப்புகளில் நோம் சோம்ஸ்கி காலத்திலிருந்து சொல்லிவரும் பழைய புதிர். 'ஃபிளையிங் பிளேன்ஸ் கேன் பி டேஞ்சரஸ்.' எது ஆபத்து?

தமிழில் சொல்லப் போனாலே இது இரண்டாகப் பிளந்துவிடும். 'பறக்கும் விமானங்கள் ஆபத்தாகலாம்' என்றால் பயம் கீழே நிற்கிற நமக்கு. 'விமானம் ஓட்டுவது ஆபத்தாகலாம்' என்றால் பயம் மேலே இருக்கிற விமானிக்கு. ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்துக்குள் இரண்டும் ஒளிந்திருக்கின்றன. 'கேன் பி' என்பதை எடுத்துவிட்டு 'ஆர்' போட்டால் விமானங்கள், பன்மை, பார்ட்டிசிபிள். 'இஸ்' போட்டால் ஓட்டுதல், ஒருமை, ஜெரண்ட். ஒரே ஒரு சொல்லை மாற்றியதும் வாக்கியத்தின் எலும்புக்கூடு வெளியே தெரிந்துவிடுகிறது.

அன்று சாயங்காலம் அவள் ஆங்கில டைரியில் இப்படி எழுதியிருந்தாள்: 'வாக்கிங் இன் லோதி கார்டன், எ ஸ்க்விரல் ஏட் மை பிஸ்கட்.'

நடந்தது உண்மை. பெஞ்சில் வைத்த பிஸ்கட்டை அணில் தின்றுவிட்டது. (நம்மூர் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு, ராமர் தடவியது என்று பாட்டி சொல்வாள். வடக்கே இருக்கும் அணில் வேறு இனம், அதற்கு ஐந்து கோடு. எண்ணிப் பார்க்க அது நிற்க வேண்டும், அதுதான் கஷ்டம்.) ஆனால் டைரியில் இருக்கும் வாக்கியப்படி லோதி தோட்டத்தில் உலாப் போனது அணில். காலை நடைக்கு வந்த அணில், வழியில் ஒரு பிஸ்கட் சாப்பிட்டது.

"இதைத் தமிழ்ல சொல்லு" என்றேன்.

"லோதி தோட்டத்தில் நடந்துகொண்டே ஓர் அணில் என் பிஸ்கட்டைத் தின்றது." சொல்லி முடிக்குமுன்பே முகம் மாறியது. "ஐயே! அணில் நடந்துச்சுன்னு வருது."

ஆங்கில ஆசிரியர்கள் இதைத் 'தொங்கும் பார்ட்டிசிபிள்' என்பார்கள். வாக்கியத் தொடக்கத்தில் வரும் 'இங்' சொல்லுக்கு யார் சொந்தக்காரர் என்பதை அடுத்து வரும் எழுவாயே தீர்மானிக்கும். இதே சட்டத்தைத்தான் தொல்காப்பியர் தமிழுக்கும் எழுதிவைத்திருக்கிறார். 'செய்து' போன்ற வினையெச்சங்களை முதலில் நிறுத்தி, இவை எந்த வினைமுதலின் செயலோ அந்த வினைமுதலின் வினையைக் கொண்டே முடிய வேண்டும் என்கிறார். வந்து போனான் என்றால் வந்தவனும் போனவனும் ஒருவனே. செய்கிறவர் வேறு வேறாக இருந்தால், அதற்கு 'செய' என்ற வாய்பாடு இருக்கிறது: 'நான் பார்க்க, அணில் தின்றது.' பார்த்தது நான், தின்றது அணில், ஒரு குழப்பமும் இல்லை. தமிழில் இரண்டு கருவி தனித்தனியாக இருப்பதால், தப்பாக எடுத்தால் காதே சொல்லிவிடும். டைரி வாக்கியத்தை நாங்கள் 'வைல் ஐ வாஸ் வாக்கிங்' என்று தொடங்கித் திருத்தினோம். அதாவது, நான் நடந்துகொண்டிருந்தபோது.

அதோடு விடுவாளா? "அப்ப 'கால் வழுக்கி விழுந்தேன்'னு சொல்றோமே. வழுக்கினது கால், விழுந்தது நான். ரெண்டு பேர் இல்லையா?" என்றாள்.

எனக்கு நிஜமாகவே ரோமம் சிலிர்த்தது. தொல்காப்பியர் அடுத்த நூற்பாவில் சொல்வது இதைத்தான். செயல் உடம்பின் உறுப்புடையதாக இருந்து, முடிவது உறுப்புக்கு உரியவரோடு என்றால், அது குற்றமில்லை. உறுப்பைச் சினை என்றும் உரியவரை முதல் என்றும் இலக்கணம் சொல்லும். என் கால் வேறு யாரோ அல்லவே. 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்பதும் தமிழில் பழகிப்போன ஒன்று. பெய்தது மழை, நிறைந்தது குளம். 'பெய்ய' என்று வரவேண்டியது 'பெய்து' எனத் திரிந்து நிற்கிறது என்று உரைகாரர்கள் சமாதானம் சொன்னார்கள். காரணமும் காரியமும் அவ்வளவு ஒட்டியிருந்தால் நம் காதும் மன்னித்துவிடுகிறது. பிஸ்கட் தின்ற அணிலை மன்னிக்காது.

இனி அந்தப் பெயரைக் கொஞ்சம் சந்தேகப்படுவோம். பிரசண்ட் பார்ட்டிசிபிள் என்கிறார்களே, 'பிரசண்ட்' என்றால் நிகழ்காலம். நேற்று ஓடிக்கொண்டிருந்தேன் என்பதற்கும் 'ரன்னிங்'தான், நாளை இந்நேரம் ஓடிக்கொண்டிருப்பேன் என்பதற்கும் 'ரன்னிங்'தான். காலத்தைச் சொல்வது 'வாஸ்', 'வில் பி' என்ற துணைச் சொற்கள். 'ரன்னிங்' பாட்டுக்குக் காலமே காட்டாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. லத்தீன் இலக்கணத்தில் இருந்த பெயரை ஆங்கில இலக்கணக்காரர்கள் அப்படியே எடுத்து ஒட்டிவிட்டார்கள். சட்டை சரியாகப் பொருந்தவில்லை.

தமிழில் காலத்தை ஒளித்துவைக்கும் உருவம் ஒன்று உண்டு, பள்ளியிலேயே படித்துவிடுவீர்கள்: வினைத்தொகை. ஊறுகாய் என்றால் ஊறிய காயா, ஊறுகிற காயா, ஊறும் காயா? மூன்றும்தான். குடிநீரும் அப்படியே. கொதிநிலை, உருகுநிலை, உறைநிலை என்று அறிவியல் புத்தகம் முழுக்க வினைத்தொகை. 'இங்' சொல்லுக்கு மிக நெருங்கிய தமிழ் உறவு 'கிற' அல்ல, இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சொல்லப்போனால் 'கிற' தமிழில் பின்னால் வந்த உருவம். தொல்காப்பியத்தில் பெயரெச்ச வாய்பாடு இரண்டுதான்: செய்யும், செய்த. 'செய்கின்ற' என்ற மூன்றாவது நன்னூலில்தான் சேர்கிறது.

'பார்ட்டிசிபிள்' என்ற சொல்லுக்கு லத்தீனில் பங்கு எடுத்துக்கொள்வது என்று பொருள். பாதி வினை, பாதி பெயர். இரண்டு வீட்டிலும் பங்கு கேட்கிற பிள்ளை. தமிழ் இலக்கணம் அதையே வேறு பக்கத்திலிருந்து பார்த்து 'எச்சம்' என்றது. எஞ்சி நிற்பது, முடியாமல் மிச்சம் இருப்பது. 'ஓடுகிற' என்று சொல்லி நிறுத்தினால் எதிரே இருப்பவர் "என்ன?" என்று காத்திருப்பார் அல்லவா, அந்தக் காத்திருப்புத்தான் எச்சம். இதை நான் லோதி தோட்டத்துக்குள் இருக்கும் பரா கும்பத் கட்டடத்துக்குக் கீழே நின்று ரொம்பவும் உருக்கமாக விளக்கிக்கொண்டிருந்தபோது, மேலே இருந்த புறா ஒன்று என் தோள்மேல் வேறு வகை எச்சத்தைப் போட்டது. அக்கா மகள் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. பார்ட்டிசிபிளுக்குத் தமிழில் என்ன என்று இனி அவளுக்கு ஜன்மத்துக்கும் மறக்காது.

ஒரே 'இங்' ஏன் இத்தனை வேலை பார்க்கிறது? ஆயிரம் ஆண்டுக்கு முன் ஆங்கிலத்தில் இவை இரண்டு தனி விகுதிகள். பார்ட்டிசிபிளுக்கு 'எண்டெ', பாடுகிற என்பதற்கு 'சிங்கெண்டெ' என்பார்கள். தொழிற்பெயருக்கு 'உங்' அல்லது 'இங்'. பிறகு சில நூற்றாண்டுகளில் பேச்சில் விகுதிகள் தேய்ந்து ஒன்றுபோல் ஒலிக்க, 'இங்' எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. ஜெர்மன் மொழி ஆங்கிலத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி. அங்கே பார்ட்டிசிபிளுக்கு இன்றும் 'எண்ட்'தான்.

பழைய 'எண்ட்' ஆங்கிலத்தில் முழுக்கச் செத்துவிடவில்லை. நீங்கள் தினமும் சொல்கிற ஒரு சொல்லில் அது புதைபடிவம்போல் உட்கார்ந்திருக்கிறது. 'ஃபிரெண்ட்'! அன்பு செய்தல் என்ற பழைய வினையின் பார்ட்டிசிபிள் அது. அன்பு செய்கிறவர் என்று பொருள். பேய், கொடியவன் என்று பொருள்படும் 'ஃபீண்ட்' அதேபோல் வெறுக்கிறவர். லத்தீனிலிருந்து வந்த 'ஸ்டூடண்ட்' கூட ஒரு பார்ட்டிசிபிள்தான்: ஊக்கத்தோடு முயல்கிறவர். சமஸ்கிருதத்தில் 'சத்' என்பது இருக்கிற, உள்ள என்ற பார்ட்டிசிபிள், அதிலிருந்து சத்தியம். இந்த மூன்று மொழியும் ஒரே குடும்பம் என்பதால் விகுதியும் உறவு. இது எனக்குக் கல்லூரியில் தெரிந்தது. ஆறாம் வகுப்பில் யாராவது சொல்லியிருந்தால் ஆங்கில இலக்கணத்தோடு இன்னும் கொஞ்சம் ஃபிரெண்டாக இருந்திருப்பேன்.

சரி, இத்தனை சிக்கலான 'இங்'கைச் சின்னக் குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள்? அமெரிக்காவில் ரோஜர் பிரவுன் என்ற உளவியலாளர் மூன்று குழந்தைகளின் பேச்சைப் பல மாதம் பதிவு செய்து 1973-இல் ஒரு புத்தகம் எழுதினார். பன்மை 'ஸ்', இறந்தகால 'எட்' என்று பதினான்கு சிறு உறுப்புகள் எந்த வரிசையில் குழந்தைகளுக்குப் பிடிபடுகின்றன என்று பார்த்தார். முதலில் வந்தது 'இங்'. 'இஸ்', 'ஆம்' எல்லாம் இல்லாமல் வெறும் 'இங்' மட்டும். அம்மா சாப்பிட்டிங் என்பதுபோல்.

இன்னும் அழகான சோதனை ஜீன் பெர்க்கோ செய்தது, 1958-இல். குழந்தைகள் கேட்டதைத் திருப்பிச் சொல்கிறார்களா, இல்லை விதியே அவர்களுக்குத் தெரியுமா என்று கண்டுபிடிக்க வேண்டும். அவர் என்ன செய்தார் தெரியுமா? உலகத்திலேயே இல்லாத சொற்களை உண்டாக்கினார். மூக்கின்மேல் பந்தை நிறுத்தி நிற்கும் ஒரு மனிதரின் படம். இவருக்கு 'ஸிப்' செய்யத் தெரியும். இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார்? நாலு முதல் ஏழு வயதுக் குழந்தைகள் பெரும்பாலோர் 'ஸிப்பிங்' என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சொல்லை அவர்கள் எங்கேயும் கேட்டிருக்க முடியாது. அதையே தொழிலாகச் செய்கிறவரை என்னவென்று கூப்பிடுவீர்கள் என்றதற்குப் பெரியவர்கள் 'ஸிப்பர்' என்றார்கள். சில குழந்தைகள் 'ஸிப்பிங்மேன்' என்றார்கள்.

அதே 1958-இல் ஜான் ஃபிஷர் என்பவர் 24 குழந்தைகளின் 'இங்' உச்சரிப்பைக் கவனித்து எழுதினார். படிப்பது, திருத்துவது போன்ற பள்ளிக்கூடச் சொற்களுக்கு அழகாக 'இங்'. குத்துவது, நீந்துவது, மெல்வது போன்ற விளையாட்டுச் சொற்களுக்கு 'இன்'. பையன்கள் பெண்களைவிட அதிகம் 'இன்' சொன்னார்கள். நாமும் வகுப்பில் 'ஓடுகிறது', மைதானத்தில் 'ஓடுது' தானே?

பெர்க்கோவின் சோதனையைச் செய்து பார்க்க ஒரு காகிதமும் பென்சிலும் போதும். நாங்கள் செய்தோம். அக்கா மகள் முழங்கையில் சொம்பை நிறுத்திக்கொண்டு நிற்கும் ஒரு மீசைக்காரரை வரைந்தாள். 'மிப்பு' என்று ஒரு வினை உண்டாக்கினாள். சோதனை எலி, அவளுடைய ஐந்து வயதுத் தம்பி; கார்ட்டூனை நிறுத்தி இழுத்து வந்தோம்.

"இந்த அங்கிளுக்கு மிப்பத் தெரியும். இப்ப என்ன பண்றார்?"

"மிப்பிட்டிருக்கார்."

"இங்கிலீஷ்ல சொல்லு."

"மிப்பிங்."

"ஹிந்தில?"

"மிப் ரஹா ஹை." பதில் சொல்லிக்கொண்டே டிவிப் பக்கம் நகர்ந்தான்.

"இருடா, கடைசி. தினமும் இதே வேலையாப் பண்றவரை என்னன்னு கூப்பிடுவே?"

நான் மிப்புக்காரர் என்பான், அல்லது மிப்வாலா என்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் நின்று, படத்தை ஒருமுறை பார்த்து, "மிப்பிங் அங்கிள்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனான்.

அக்கா மகள் அதை அப்படியே படத்துக்குக் கீழே எழுதினாள். பென்சிலைக் கடித்துக்கொண்டு சற்று யோசித்தாள். "அங்கிள் மிப்பறார்தானே?" என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டு, 'மிப்பிங்' என்பதன் கீழே ஒரு கோடு போட்டாள்.